டெக்ஸாஸில் வென்றது யார்? அமெரிக்க வேட்பாளர் போட்டிச் செய்திகளைப் படிப்பது எப்படி

2008 மார்ச் 4 அன்று டெக்ஸாஸில் ஜனநாயகக் கட்சியின் பிரைமரி, அதாவது கட்சியின் அதிபர் வேட்பாளர் யார் என்பதற்கு மக்கள் வாக்களிக்கும் தேர்தல், நடந்தது. ஹிலரி கிளிண்டனுக்குச் சுமார் 51 சதவீதம், பராக் ஒபாமாவுக்குச் சுமார் 47 சதவீதம். கிளிண்டன் டெக்ஸாஸை வென்றார் என்று செய்தி வந்தது. அதே டெக்ஸாஸிலிருந்து ஒபாமாவுக்கு 99 டெலிகேட் (கட்சி மாநாட்டில் வாக்களிக்கும் பிரதிநிதிகள்), கிளிண்டனுக்கு 94 டெலிகேட் என்றும் செய்தி வந்தது. இரண்டும் சரிதான். ஆங்கிலத்தைத் தேற்றிக்கொள்வதற்காக நாளேடு படிக்கும் ஒருவர் இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால், நமக்குத்தான் ஆங்கிலம் புரியவில்லை போலிருக்கிறது என்று அகராதியைத் தேடுவார். அகராதியில் விடை இருக்காது.

விடை டெக்ஸாஸ் கட்சியின் விதியில் இருந்தது. பகலில் வாக்குச்சாவடியில் பிரைமரி; அதன் மூலம் 126 டெலிகேட். வாக்குப்பதிவு முடிந்த பிறகு, அதே இரவில், வட்டாரம் வட்டாரமாகக் கூடிப் பேசும் காகஸ். அதன் வழியாக 67. முதலாவதில் கிளிண்டன் 65-61 என்று முந்தினார். இரண்டாவதில் ஒபாமா 38-29 என்று முந்தினார். கூட்டிப் பார்த்தால் ஒபாமா முன்னால்.

கட்சி வேட்பாளர் யார் என்ற போட்டி பற்றிய அமெரிக்கச் செய்திகள் பெரும்பாலும் இப்படித்தான் நம்மைக் குழப்பும். வாக்கியங்கள் எளிமையாகவே இருக்கும். ஆனால் எந்த வாக்கு எண்ணப்படும், எது எண்ணப்படாது, அதை எந்தக் குழு முடிவு செய்யும் என்பதெல்லாம் வாசகருக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு நிருபர் எழுதுவார். அமெரிக்க வாசகரிலும் பாதிப் பேருக்கு அது தெரியாது என்பது வேறு விஷயம்.

நமக்குக் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. நம் ஊரில் கட்சி அலுவலகத்தில் விருப்ப மனு கொடுப்பார்கள், நேர்காணல் நடக்கும், பிறகு தலைமை பட்டியலை வெளியிடும். சீட் கிடைக்காதவர் முணுமுணுப்பார், மிஞ்சிப்போனால் சுயேச்சையாக நிற்பார். அமெரிக்காவில் அதிபர் வேட்பாளரைக் கட்சித் தலைவர் அறிவிப்பதில்லை. கட்சியின் தேசிய மாநாட்டில் டெலிகேட்கள் வாக்களித்து முடிவு செய்கிறார்கள். மாநாடு என்றவுடன் நமக்குப் பந்தலும் கட்அவுட்டும் கண்முன் வரும். அங்கேயும் கொடியும் பலூனும் உண்டு. ஆனால் அடிப்படையில் அது வாக்கெடுக்கும் சபை. மாதக்கணக்கில் மாநிலம் மாநிலமாக நடக்கும் பிரைமரியும் காகஸும் அந்தச் சபைக்கு யார் போவது, போனவர் யாருக்கு வாக்களிப்பது என்பதைத் தீர்மானிக்கத்தான்.

'யார் போவது', 'யாருக்கு வாக்களிப்பது' இரண்டும் தனித்தனி விஷயங்கள். 2016-இல் குடியரசுக் கட்சியில் டொனால்ட் டிரம்பும் டெட் க்ரூஸும் மோதிய கதை இதில்தான் அடங்கியிருக்கிறது. அந்த ஆண்டு மொத்தம் 2,472 டெலிகேட். வெல்ல 1,237 வேண்டும். பல மாநிலங்களில் பிரைமரி முடிவு டெலிகேட்டைக் கட்டிப்போடும். மக்கள் டிரம்பைத் தேர்ந்தெடுத்தால், முதல் சுற்றில் அந்த டெலிகேட் டிரம்புக்குத்தான் வாக்களிக்க வேண்டும். ஆனால் அந்த நாற்காலியில் உட்காரப்போகும் ஆள் யார் என்பதைப் பல இடங்களில் உள்ளூர்க் கட்சிக் கூட்டங்கள்தான் முடிவு செய்தன. க்ரூஸின் ஆட்கள் அந்தக் கூட்டங்களுக்குப் பொறுமையாகப் போய் உட்கார்ந்தார்கள். முதல் சுற்றில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காவிட்டால் இரண்டாம் சுற்றில் பலர் கட்டிலிருந்து விடுபடுவார்கள். அப்போது டிரம்ப் பெயரில் வந்தவர்கள் க்ரூஸுக்கு வாக்களிக்கலாம். ஆகவே ஒருவர் மாநிலத்தில் வென்றார், அவருடைய டெலிகேட்கள் எதிராளியின் ஆட்கள் என்று செய்தியில் வந்தால், அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம்.

கொலராடோவில் குடியரசுக் கட்சி அந்த முறை மக்கள் வாக்கெடுப்பே நடத்தவில்லை. கட்சிக் கூட்டங்கள் வழியாகவே டெலிகேட்களைத் தேர்ந்தெடுத்தது. ஏப்ரலில் க்ரூஸ் அள்ளிக்கொண்டு போனார். மோசடி என்றார் டிரம்ப். விதி முன்பே எழுதப்பட்டது, படிக்காதது உங்கள் குற்றம் என்றது எதிர்த்தரப்பு. பென்சில்வேனியாவில் வேறு மாதிரி. அங்கே 54 டெலிகேட்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்கள் யாருக்கும் கட்டுப்பட்டவர்கள் அல்ல. வாக்குச்சீட்டில் டெலிகேட்டின் பெயர் மட்டும் இருக்கும், அவர் யாருடைய ஆதரவாளர் என்பது இருக்காது. வீட்டிலேயே விசாரித்து, பெயர்களை எழுதிக்கொண்டு போனவர்தான் விவரமாக வாக்களித்திருக்க முடியும்.

'கன்டெஸ்டட்' என்ற சொல் இந்தச் செய்திகளில் மூன்று இடங்களில் வரும். பிரைமரிக்கு முன்னால் வந்தால், பலர் போட்டியிடுகிறார்கள் என்பதுதான். மாநாட்டுக்கு முன்னால் வந்தால், எவருக்கும் பெரும்பான்மை உறுதியாகாமல் மாநாடு கூடுகிறது என்று அர்த்தம். டெலிகேட்டுக்கு முன்னால் வந்தால், இந்த நாற்காலிக்கு உரியவர் நானா நீயா என்று தகராறு. மூன்றையும் ஒன்றாகப் படித்தால் சாதாரண பிரைமரிகூடக் கலவரம் போலத் தெரியும்.

இரண்டாவது வகைமீது பத்திரிகைகளுக்குத் தீராத ஆசை. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, முன்னணியில் இருப்பவர் கொஞ்சம் சறுக்கினால் போதும், மாநாட்டில் பல சுற்று வாக்கெடுப்பு நடக்கலாம் என்று கட்டுரைகள் கிளம்பிவிடும். உண்மையில் ஒரு பெரிய கட்சி ஒன்றுக்கு மேற்பட்ட சுற்றில் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுத்தது கடைசியாக 1952-இல். சிகாகோவில் ஜனநாயகக் கட்சி மூன்றாம் சுற்றில் அட்லாய் ஸ்டீவன்சனைத் தேர்ந்தெடுத்தது. அந்த ஆண்டு பிரைமரிகளில் பெரும்பாலானவற்றை வென்றவர் எஸ்டெஸ் கீஃபாவர், அவருக்குக் கிடைக்கவில்லை. 1924-இல் நியூயார்க்கில் அதே கட்சி 103 சுற்று வாக்கெடுத்தது, மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்று அப்போது விதி. ஆகவே அப்படிப்பட்ட கட்டுரைகளில் 'குட்' (could), 'மைட்' (might) என்று எத்தனை முறை வருகிறது என்று பாருங்கள். பத்தி முழுக்க அதுவாகவே இருந்தால் அது செய்தியல்ல, யூகம்.

அப்படியானால் 1952-க்குப் பிறகு நிஜமான சண்டையே இல்லையா? இருந்தது. முதல் சுற்றிலேயே முடிந்தாலும், அந்த முதல் சுற்றுக்கு முந்தைய நாள் நடந்தது. 1976-இல் கேன்ஸஸ் சிட்டியில் நடந்ததைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம்.

அப்போது அதிபர் ஜெரால்ட் ஃபோர்ட். நிக்ஸன் பதவி விலகியதால் அதிபரானவர். துணை அதிபர் பதவிக்கும் நியமனத்தின் வழியாகவே வந்தவர். பதவியில் இருக்கும் அதிபரைக் கட்சிக்குள்ளேயே எதிர்த்து நின்றார் கலிஃபோர்னியாவின் முன்னாள் ஆளுநர் ரொனால்ட் ரீகன். தொடக்கப் பிரைமரிகளில் வரிசையாகத் தோற்றார். மார்ச் 23 அன்று வட கரோலினாவில் வென்றார். மே மாதம் டெக்ஸாஸை மொத்தமாக வாரினார். பிரைமரிகள் எல்லாம் முடிந்தபோது வெற்றிக்குத் தேவையான 1,130 இருவரிடமும் இல்லை. யாருக்கும் வாக்குக் கொடுக்காத டெலிகேட்கள் சிலரின் கையில் குடுமி. அதிபரே அவர்களுக்குத் தொலைபேசியில் பேசினார், வெள்ளை மாளிகைக்கு வரவழைத்தார்.

ரீகன் தரப்பில் பிரசாரத்தை நடத்தியவர் ஜான் சியர்ஸ். ஜூலை இறுதியில் அவர் யோசனைப்படி ரீகன் ஒரு காரியம் செய்தார். தான் வென்றால் துணை அதிபர் வேட்பாளர் பென்சில்வேனியா செனட்டர் ரிச்சர்ட் ஷ்வைக்கர் என்று மாநாட்டுக்கு முன்பே அறிவித்தார். ஷ்வைக்கர் கட்சியின் மிதவாதப் பக்கம். ரீகனின் தீவிர ஆதரவாளர்களுக்கு அது கசந்தது. அடுத்து சியர்ஸ் ஒரு விதித் திருத்தம் கொண்டுவந்தார். எல்லா வேட்பாளரும் வாக்கெடுப்புக்கு முன்பே தங்கள் துணை அதிபர் வேட்பாளர் யார் என்று சொல்லியாக வேண்டும். அதன் எண் 16-சி. கேட்டால் சாதுவான விதி. நோக்கம் அவ்வளவு சாது அல்ல. ஃபோர்ட் யார் பெயரைச் சொன்னாலும் கட்சியின் ஒரு பக்கம் கோபப்படும். அந்தக் கோபத்தில் சில டெலிகேட்கள் கழன்று வருவார்கள் என்பதே கணக்கு.

ஆகஸ்ட் 17 இரவு அந்தத் திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்தது. எல்லார் கண்ணும் மிஸிஸிப்பிமேல். அங்கே 30 வாக்கு; குழுவில் பெரும்பான்மை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் மொத்தமும் போகும். குழுவின் தலைவர் கிளார்க் ரீடை ரீகன் தரப்பு தங்கள் ஆள் என்றுதான் நினைத்திருந்தது. ஷ்வைக்கர் பெயர் வந்தபிறகு அவர் ஃபோர்ட் பக்கம் சாய்ந்தார். மிஸிஸிப்பி 30 வாக்கும் திருத்தத்துக்கு எதிராக. ஆதரவு 1,069, எதிர்ப்பு 1,180. திருத்தம் தோற்றது.

மறுநாள் இரவு வேட்பாளருக்கான வாக்கெடுப்பு: ஃபோர்ட் 1,187, ரீகன் 1,070. முந்தைய இரவின் எண்களோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். கிட்டத்தட்ட அதே எண்கள். போட்டி 16-சியிலேயே முடிந்துவிட்டது. ஃபோர்ட் நவம்பரில் ஜிம்மி கார்ட்டரிடம் தோற்றார், நான்கு ஆண்டு கழித்து ரீகன் வந்தார் என்பது எல்லாருக்கும் தெரிந்த பிற்கதை.

இதிலிருந்து செய்தி வாசகருக்குக் கிடைப்பது ஒன்று உண்டு. 'புரொசீஜரல் வோட்' என்று ஆங்கிலச் செய்தியில் வந்தால், நடைமுறை சம்பந்தப்பட்ட சலிப்பான பத்தி என்று தாண்டிப் போகத் தோன்றும். அங்கேதான் நிற்க வேண்டும். வேட்பாளர் பெயரில் வாக்கெடுத்தால் தோற்போம் என்று தெரிந்த தரப்பு, விதியின் பெயரில் வாக்கெடுக்க வைக்கும். 1980-இல் அதிபர் கார்ட்டரைக் கட்சிக்குள் எதிர்த்து நின்ற எட்வர்ட் கென்னடி அதைத்தான் செய்தார். கார்ட்டருக்குப் பெரும்பான்மை டெலிகேட்கள் இருந்தார்கள். டெலிகேட்களைக் கட்டிப்போடும் விதியை நீக்குங்கள், மனச்சாட்சிப்படி வாக்களிக்கட்டும் என்றார் கென்னடி. மாநாட்டின் முதல் நாளே அந்த விதி நிலைத்தது, கென்னடி விலகினார். 'ஓப்பன் கன்வென்ஷன்' என்ற அழகான பெயரில் யாராவது எதையாவது கேட்டால், கேட்பவரிடம் டெலிகேட் குறைவு என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம்.

விதி எழுதியவரையே திருப்பி அடிப்பதும் உண்டு. 2012-இல் வேட்பாளர் போட்டியில் இருந்த ரான் பாலின் ஆதரவாளர்களை அடக்க, எட்டு மாநிலங்களில் பெரும்பான்மை டெலிகேட் ஆதரவு இருந்தால்தான் ஒருவர் பெயரை முன்மொழியலாம் என்று குடியரசுக் கட்சி மேலிடம் விதியை இறுக்கியது. 2016-இல் அந்த விதி, மேலிடத்துக்குச் சற்றும் பிடிக்காத டிரம்புக்குக் கேடயம் ஆனது. அந்த ஜூலையில் க்ளீவ்லாண்டில் எதிர்ப்பாளர்கள் விதிகள்மீது மாநிலவாரி வாக்கெடுப்பு கேட்டார்கள். அதற்கு ஏழு மாநிலங்களின் மனு வேண்டும். தலைமை தாங்கியவர் விதிகளை ஏற்கலாமா என்று குரல் வாக்கு மட்டும் எடுத்தார்; 'ஆம்' சத்தமும் 'இல்லை' சத்தமும் அரங்கை அதிரவைத்தன; 'ஆம்' வென்றது என்று அறிவித்தார். சில மாநிலங்கள் மனுவைத் திரும்பப் பெற்றுவிட்டன, இப்போது ஆறுதான் மிச்சம் என்று பிறகு விளக்கினார். கொலராடோக்காரர்கள் எழுந்து வெளியே போனார்கள். இடையில் மாநிலங்களின் மனதை மாற்றியவர்கள் யார், எப்படி என்பதுதான் அன்றைய உண்மையான செய்தி.

மூன்றாம் வகைச் சண்டைக்கு, அதாவது டெலிகேட்டே செல்லுமா செல்லாதா என்ற தகராறுக்கு, 2008-இன் மிச்சிகனைவிட நல்ல பாடம் இல்லை. மிச்சிகனும் ஃபுளோரிடாவும் கட்சி அனுமதித்த தேதிக்கு முன்பே, ஜனவரியிலேயே பிரைமரி வைத்துக்கொண்டன. தண்டனையாக ஜனநாயகக் கட்சியின் விதிக்குழு இரண்டின் டெலிகேட்களையும் செல்லாது என்றது. ஒபாமா மிச்சிகன் வாக்குச்சீட்டிலிருந்து தன் பெயரையே எடுத்துவிட்டார். கிளிண்டன் எடுக்கவில்லை. அவருக்கு 55 சதவீதம் கிடைத்தது. 'யாருக்கும் கட்டுப்படாதவர்' என்ற கட்டத்துக்குச் சுமார் 40 சதவீதம்.

மே மாதம் வந்தபோது கிளிண்டன் பின்தங்கியிருந்தார். எல்லா வாக்கும் எண்ணப்பட வேண்டும் என்று அவர் தரப்பு முழங்கியது. மொத்த மக்கள் வாக்கில் நான்தான் முன்னால் என்றார் கிளிண்டன். ஒபாமா பெயரே இல்லாத மிச்சிகனைச் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. மே 31 அன்று விதிக்குழு வாஷிங்டன் ஹோட்டல் ஒன்றில் கூடி, நேரலை கேமராக்களுக்கு முன்னால் நாள் முழுக்க வாதிட்டது. முடிவு: இரு மாநில டெலிகேட்களும் வரலாம், ஆனால் ஒவ்வொருவருக்கும் அரை வாக்கு. மிச்சிகனை 69-59 என்று பிரித்து, பாதியாக்கி, கிளிண்டனுக்கு 34½, ஒபாமாவுக்கு 29½. கடுமையாக எதிர்த்தவர் கிளிண்டனின் ஆலோசகர் ஹரல்ட் இக்கீஸ். அதே குழுவின் உறுப்பினராக, முந்தைய ஆண்டு அந்த டெலிகேட்களைச் செல்லாதவையாக்கக் கை தூக்கியவரும் அவரேதான். ஒருவர் பேட்டியில் கொள்கை பேசினால், ஆறு மாதம் முன்பு என்ன வாக்களித்தார் என்று தேடிப் பார்ப்பது எப்போதும் பயன்தரும். ஜூன் 3 அன்று ஒபாமா பெரும்பான்மையைத் தாண்டினார். முடிவு உறுதியான பிறகு, ஆகஸ்டில், இரு மாநிலங்களுக்கும் முழு வாக்கையும் தாராளமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

பெரும்பான்மையைத் தாண்டினார் என்று சொல்வது யார்? அது பெரும்பாலும் பத்திரிகைகள். 2016 ஜூன் 6 அன்று ஹிலரி கிளிண்டன் தேவையான 2,383-ஐ எட்டிவிட்டார் என்று ஏ.பி. செய்தி நிறுவனம் அறிவித்தது. அன்று எந்த மாநிலத்திலும் தேர்தல் இல்லை. கலிஃபோர்னியா மறுநாள்தான் வாக்களிக்க இருந்தது. எப்படி எட்டினார்? சூப்பர் டெலிகேட்கள். எம்.பி.க்கள், ஆளுநர்கள், கட்சி நிர்வாகிகள் பதவி காரணமாகவே டெலிகேட் ஆவார்கள். யாருக்கு வேண்டுமானாலும் வாக்களிக்கலாம். 1984 முதல் ஜனநாயகக் கட்சியில் இருக்கும் ஏற்பாடு இது. ஏ.பி. அவர்களைத் தொடர்ந்து விசாரித்துக் கணக்கு வைத்திருந்தது. அன்று இன்னும் சிலர் கிளிண்டன் என்று சொன்னதும் எண் தாண்டியது. எதிர்த்துப் போட்டியிட்ட பெர்னி சாண்டர்ஸ் தரப்பு கொதித்ததில் நியாயம் இருந்தது. மாநாட்டில் வாக்களிக்கும் நிமிடம்வரை அவர்கள் மனம் மாறலாமே. 2018-இல் கட்சி விதியை மாற்றியது. போட்டி முடிவாகாத நிலையில் சூப்பர் டெலிகேட்கள் முதல் சுற்றில் வாக்களிக்க முடியாது. பழைய செய்திகளைப் படிக்கும்போது ஆண்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சொற்களில் நம்மை வழுக்கிவிடுவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: சஸ்பெண்ட். வேட்பாளர் பிரசாரத்தை 'சஸ்பெண்ட்' செய்தார் என்று வரும். தமிழில் சஸ்பெண்ட் என்றால் அலுவலகத்தில் யாரோ மாட்டிக்கொண்டார் என்று அர்த்தம். இங்கே அவர் போட்டியிலிருந்து விலகிவிட்டார், அவ்வளவுதான். 'விலகினார்' என்று ஏன் நேராகச் சொல்வதில்லை என்றால், முறைப்படி விலகினால் சில மாநில விதிகளில் சேர்த்த டெலிகேட்கள் கைவிட்டுப் போவார்கள். 2016-இல் மார்கோ ரூபியோ பிரசாரத்தை நிறுத்திய பிறகும், என் டெலிகேட்களை என்னிடமே விடுங்கள் என்று மாநிலக் கட்சிகளுக்குக் கடிதம் எழுதினார். டெலிகேட்களை 'ரிலீஸ்' செய்தார் என்று வந்தால்தான் கட்டு அவிழ்ந்தது. அப்புறம், 'ஃப்ளோர் ஃபைட்' என்றால் தரையில் உருண்டு சண்டை போடுவதல்ல; மாநாட்டு அரங்கில், குழு அறைக்கு வெளியே, எல்லா டெலிகேட்கள் முன்னாலும் நடக்கும் வாக்கெடுப்புச் சண்டை.

'எண்டார்ஸ்' என்ற சொல்லும் 2024-இல் பலரைக் குழப்பியது. ஜூலை 21 அன்று ஜோ பைடன் போட்டியிலிருந்து விலகி கமலா ஹாரிஸை ஆதரித்தார். பைடனின் டெலிகேட்கள் அந்த ஆதரவால் தானாக ஹாரிஸிடம் போய்விடவில்லை. சொத்து போல எழுதிவைக்க முடியாது. அவர்கள் கட்டவிழ்ந்தார்கள், அவ்வளவே. மறுநாள் இரவுக்குள் பெரும்பான்மைக்கு மேற்பட்டவர்கள் ஹாரிஸை ஆதரிப்பதாகச் சொல்லிவிட்டார்கள். அதனால் சில வாரங்களுக்குச் செய்திகளில் அவர் 'பிரஸம்ப்டிவ் நாமினி', அதாவது இவர்தான் என்று எல்லாரும் கருதினாலும் இன்னும் வாக்கெடுப்பு நடக்காதவர். போட்டியில் நுழைய வேறு யாருக்கும் தடை இல்லை. 300 டெலிகேட்களின் கையெழுத்து வேண்டும், ஒரு மாநிலத்திலிருந்து 50-க்கு மேல் கூடாது. அந்தக் கையெழுத்துகள் ஹாரிஸுக்கு மட்டுமே கிடைத்தன. வாக்கெடுப்பை மாநாட்டுக்கு முன்பே இணையம் வழியாக நடத்தி ஆகஸ்ட் 5-க்குள் முடித்தார்கள். ஆகஸ்ட் 20 அன்று சிகாகோ அரங்கில் டி.ஜே. பாட்டுப் போட, மாநிலம் மாநிலமாக எழுந்து எண்களைச் சொன்னதும் தொலைக்காட்சியில் வாக்கெடுப்பு போலத்தான் தெரிந்தது. வாக்கு இரண்டு வாரம் முன்பே போட்டாகிவிட்டது; அன்று நடந்தது வெறும் சடங்கு.